மதியத்து ராமசாமி

லண்டனில் நான் தங்கியிருக்கும் வீட்டில் எல்லோரும் ஒரே பெரிய மேஜையில்தான் சாப்பிட வேண்டும். வந்த புதிதில் ஒருநாள் சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே குடியிருக்கும் கிழத்துரை ஒருவர் வந்து என் பக்கத்தில் நின்றார். நின்றவர் நின்றுகொண்டே இருந்தார். சுற்றிலும் நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. "உட்காருங்கள்" என்று உபசாரமாகச் சொன்னேன். அவர் முகம் சிவந்துபோயிற்று. வீட்டுக்கார அம்மாள் ஓடிவந்து, அது அவருடைய நாற்காலி என்று காதோடு சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. இங்கே ஓர் ஆளுக்கு ஓர் இடம். அவர் ஊரிலேயே இல்லாவிட்டாலும் அது அவருக்காகக் காலியாகக் கிடக்கும். நம் மதுரைச் செல்லூரில் ஒருவன் எழுந்த சூடு ஆறுவதற்குள் அடுத்தவன் உட்கார்ந்துவிடுவான்.

நான் இங்கே படிப்பது மனோதத்துவம். தத்துவம் என்ற சொல்லைக் கேட்டுவிட்டு ஊரில் என்னைச் சாமியாராகப் போகிறவன் என்று பேசிக்கொள்கிறார்களாம். உண்மையில் நாள் முழுக்கக் கணக்குத்தான் போடுகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொற்கள், எண்கள், உருவங்கள் என்று பலவகைப் பரீட்சைகள் வைக்கிறார்கள். ஒன்றில் கெட்டிக்காரன் மற்றதிலும் கெட்டிக்காரனாக இருக்கிறானா என்று ஒவ்வொரு ஜோடிப் பரீட்சைக்கும் ஓர் எண் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் காரிலேஷன் என்று பெயர். அந்த எண்களையெல்லாம் கட்டம்கட்டி வைத்துக்கொண்டு, அவற்றின் அடியில் பொதுவாக ஓடும் திறமை ஒன்று உண்டா என்று கைப்பிடி சுழற்றும் கணக்கு மிஷினில் வாரக்கணக்கில் அரைக்க வேண்டும். அடியில் அகப்படுவதை ஃபாக்டர் என்கிறார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் அப்படி ஒரு பொதுத் திறமை தவறாமல் அகப்படும் என்பது எங்கள் புரொபசரின் கட்சி.

சென்ற மாதம் கப்பலில் ஒரு பெட்டி வந்தது. புரொபசரின் மாணவரான ஒரு துரை மதுரைக்குப் போய், செல்லூர் நெசவாளர் பிள்ளைகளுக்கு இதே பரீட்சைகளைத் தமிழில் வைத்து, விடைத்தாள்களை அனுப்பியிருந்தார். நான் படித்த அதே பள்ளிக்கூடம்! எங்கள் பையன்கள் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை என்று காட்டிவிடலாம் என்ற ஆசையில் சாப்பாட்டைக்கூட மறந்து கைப்பிடியைச் சுழற்றினேன்.

முடிவைக் கண்டதும் கைப்பிடியை விட்டுவிட்டேன். சொற்களும் எண்களும் ஒன்றோடொன்று நன்றாகவே சேர்ந்தன. உருவங்களும் படப்புதிர்களும் தமக்குள் சேர்ந்தன. ஆனால் இந்தக் கூட்டத்துக்கும் அந்தக் கூட்டத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சொல்லில் புலியாக இருந்த பையன் உருவத்தில் மண்ணாக இருந்தான். மறுபடி போட்டேன், அதேதான் வந்தது.

புரொபசருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "அற்புதம், மிஸ்டர் ராமசாமி! இவர்களிடம் பொதுத் திறமை என்பதே இல்லை. கீழைநாட்டு மனமே இரண்டு துண்டாக இருக்கிறது! அடுத்த வாரம் மனோதத்துவ சபையில் கட்டுரையாகப் படிக்கப்போகிறேன்" என்றார். எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அச்சில் ஏறிவிட்டால் செல்லூர்ப் பிள்ளைக்கு மூளை இரண்டு துண்டு என்பது சாஸ்திரமாகிவிடும். கணக்குப் போட்டுக் கொடுத்ததோ நான்.

தாள்களை மீண்டும் எடுத்துப் புரட்டினேன். தலைப்பில் நேரம் குறித்திருந்தது. சொல்லும் எண்ணும் காலையில் வைத்த பரீட்சைகள். உருவமும் படமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தவை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பையன்கள். தறிக்கு எந்நேரமும் ஒரு பையன் வேண்டும்; அதனால் பள்ளிக்கூடத்தில் பதிந்திருந்தது அண்ணன் பேர் மட்டும்தான். காலையில் அண்ணன் பள்ளிக்கூடம் போவான். நான் தறியில் அய்யாவுக்குக் கூடமாட இருப்பேன். மதியம் வந்ததும், "டேய் குப்பு, வெரசா சோத்தத் தின்னுட்டுப் போயி உக்காருடா. நான் தறிக்குப் போறேன்" என்பான். வாத்தியார் "ராமசாமி" என்று கூப்பிட்டால், "உள்ளேன் ஐயா" என்பேன். அவருக்குத் தெரியாமல் இல்லை. "எவனாச்சும் ஒருத்தன் வந்து உக்காந்தாச் சரி. எடம் காலியாக் கெடக்கக் கூடாது" என்பார். தெருவில் அநேகமாக எல்லா வீடுகளிலும் இதுதான் முறை. தம்பி இல்லாதவன் பக்கத்து வீட்டுப் பையனை அனுப்புவான். அதை ஏமாற்று என்று ஒருவரும் நினைத்ததில்லை. பெரிய பரீட்சை வந்தபோது அண்ணன், "நீயே போயி எழுதுடா. எனக்குப் படிப்பு அம்புட்டா ஏறல. பேருல என்ன இருக்கு, பேரையா திங்கப்போறோம்?" என்றான். எழுதினேன். சர்டிபிகேட் ராமசாமிக்கு வந்தது. காலேஜில் ராமசாமியைச் சேர்த்துக்கொண்டார்கள். கப்பலிலும் ராமசாமிதான் ஏறினான்.

மறுநாள் காலை புரொபசரின் அறைக்குப் போனேன்.

"ஐயா, காலையில் எழுதிய பிள்ளை வேறு, மதியம் எழுதிய பிள்ளை வேறு."

"உண்மைதான். வெயில் நாடு, மதியத்தில் களைத்துப்போவார்கள்."

"களைப்பு இல்லை. ஆளே வேறு."

"அதைத்தானே நானும் சொல்கிறேன்! ஒரே பையனுக்குள் இரண்டு ஆட்கள்."

"ஒரே பெயரில் இரண்டு பையன்கள், ஐயா."

"நடக்காத காரியம். என் மாணவர் பெயர் கூப்பிட்டுத்தான் தாள் கொடுத்திருக்கிறார். அங்கே நடந்தது உமக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்தேன். பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை. வாயை மூடிக்கொண்டால் நான் பிழைத்துக்கொள்வேன். செல்லூரின் பேர் கெட்டுப்போகும்.

"ராமசாமி என்பது என் அண்ணன். நான் மதியத்துக்கு வந்தவன்" என்றேன்.

அவர் கையிலிருந்த பைப் அப்படியே அணைந்துபோயிற்று. பிறகு சபைக்கு எழுதிவைத்த கட்டுரையை எடுத்துக் குறுக்கே கோடு கிழித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "கட்டுரையை விட்டுவிட்டேன்" என்றார் மெதுவாக. "ஆனால் நீர் உம்மைப் பற்றிச் சொன்னது என் காதில் விழவில்லை. பட்டம் பெயருக்குத்தான் கொடுக்கப்படுகிறது. உம்முடைய சொந்தப் பெயரை இந்த நாட்டில் இனி யாரிடமும் சொல்லாதீர்." கருணையோடுதான் சொன்னார். ஆனால் எல்லாவற்றையும்விட அதுதான் பலமான அடியாக விழுந்தது.

வரும் கோடையில் பெரிய மண்டபத்தில் ராமசாமி என்று கூப்பிடுவார்கள். நான் எழுந்து போவேன். அந்நேரம் அந்தப் பேருக்கு உரியவன் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு நெய்துகொண்டிருப்பான். தமிழில் எழுதினால் இங்கே யாரும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்களில் யாராவது எங்கள் தெருப்பக்கம் போனால், வாசலில் நின்று "குப்பு" என்று ஒருதரம் கூப்பிடுங்கள். அங்கே அந்தப் பேர் இருக்கிறது, வருவதற்கு ஆள் இல்லை. இங்கே ஆள் இருக்கிறேன். கூப்பிடத்தான் யாரும் இல்லை.