கைப்பிடிக்குள் எழுதிய எண்

யார் எவ்வளவு சத்தியம் செய்து கொடுத்தாலும் சரி, பிறந்தநாள் அக்கா ரிவால்வரை வாங்கியதும் முதலில் உருளையை வெளியே தள்ளி, ஆறு துளைகளையும் ஜன்னலுக்கு நேராகப் பிடித்து எண்ணுவார். ஆறிலும் வெளிச்சம் தெரிந்த பிறகுதான் அது மேஜைக்கு வரும். "காலின்னு சொன்னவன் கையிலதான் எப்பவும் வெடிச்சிருக்கு" என்பார். காலையில் தானே துடைத்து வைத்ததை மாலையில் எடுத்தாலும் இதே சடங்குதான்.

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் இருபத்தாறு வருஷமாக அவருக்கு ஒரே வேலை: பழைய ரிவால்வர் எப்போது செய்யப்பட்டது என்று கண்டுபிடித்து எழுதித் தருவது. பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். மேஜையில் பல் துலக்கும் பிரஷ் ஒன்று, மூங்கில் குச்சிகள், ஒவ்வொரு திருகுக்கும் ஏற்றபடி அவரே ராவி எடுத்த திருப்புளிகள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு லென்ஸ். அதை யாருக்கும் தரமாட்டார். இயக்குநரே ஒருமுறை கை நீட்டிவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்து மடக்கிக்கொண்டார்.

வருகிறவர்கள் பாதிப் பேர் குழலைக் காட்டி, "இதுலயே தேதி போட்டிருக்கே" என்பார்கள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடும். "அது காப்புரிமை வாங்கின தேதிங்க. அப்பாம்மா கல்யாணத் தேதியைப் பார்த்துப் புள்ளைக்கு வயசு சொல்வீங்களா?" வரிசை எண்ணைக் கண்டுபிடித்து, நீல அட்டை போட்ட தொழிற்சாலைப் பதிவேட்டின் நகலில் அது எந்த மாதத்தில் விழுகிறது என்று பார்த்தால்தான் அவருக்குத் தேதி.

வெளியிலும் இந்தப் புத்தி போகாது. தங்கை மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்லி, பின்பக்கத்தைப் புரட்டி, "இது உங்களை விடப் பதினோரு வருஷம் மூத்தது" என்று சொல்லிவிட்டார். "எங்கக்கா யார் முகத்தையும் பார்க்கமாட்டா, முதுகைத்தான் புரட்டுவா" என்று தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அவர் எழுதிய பழைய அறிக்கை ஒன்று இருக்கிறது. ரிவால்வரில் உருளையைத் தாங்கும் இரும்புக் கையிலும் ஓர் எண் இருக்கும். பாகங்கள் ஒன்றோடொன்று மாறிவிடக் கூடாதென்று தொழிலாளிகள் அடித்த வெறும் அடையாளம் அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை வரிசை எண் என்று நம்பி எழுதிவிட்டார். அதனால் ஒரு மனிதர் பதினோரு மாதம் சிறையில் இருந்தார். அவருடைய மனைவி இதே அறையில் நின்று, "எந்த நம்பர்னு எனக்கும் காட்டுங்களேன்" என்று கேட்டதற்கு, "உங்களுக்குப் புரியாதும்மா" என்று சொல்லி அனுப்பியதும் அக்காதான். அந்த வெட்கம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

போன வாரம் ஒரு தையல்காரி வந்தாள். மாமனார் இறந்த பிறகு அவருடைய பெட்டியில் ஒரு ரிவால்வர் கிடக்க, கணவனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். 1900க்கு முன் செய்ததென்றால் சட்டப்படி அது பழம்பொருள். அவன் வீட்டுக்கு வரலாம். பின் என்றால் கள்ள ஆயுதம், ஐந்து வருஷம். காவல்துறை நிபுணர் பின் என்று எழுதியிருந்தார். நீதிமன்றம் அக்காவிடம் இரண்டாம் கருத்துக் கேட்டிருந்தது. விசாரணைக்கு மூன்றே நாள்.

நிபுணரின் அறிக்கையைப் படித்ததும் அக்காவுக்குச் சுருக்கென்றது. அவரும் உருளையைத் தாங்கும் அதே கையிலிருந்த எண்ணைத்தான் பிடித்திருந்தார்.

உண்மையான எண் கைப்பிடியின் அடியில் இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் யாரோ கயிறு கட்டும் வளையம் மாட்டத் துளை போட்டு முதல் இலக்கத்தைத் தின்றிருந்தார்கள். மிச்சம் 8413. பதிவேட்டைப் புரட்டினார். 18413 என்றால் 1899 செப்டம்பர். 28413 என்றால் 1900 என்ற கோட்டுக்கு அந்தப் பக்கம். உருளையின் பின்முகத்திலும் அதே நான்கு இலக்கம். முதல் இலக்கம் இருந்த இடத்தில் துரு.

தையல்காரி தினமும் வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டாம் நாள் பொறுக்கமாட்டாமல், "அக்கா, ஒத்தை இலக்கம்தானே, ஒண்ணுன்னு போட்டுடுங்களேன்" என்றாள்.

"ஒண்ணா இருந்தா போடுவேன்."

"ரெண்டா இருந்தா?"

"ரெண்டுன்னுதான்மா எழுதுவேன். வருஷம் எங்கிட்ட இல்ல, அதுகிட்டதான் இருக்கு. அது சொல்ற வரைக்கும் நான் விடப்போறதில்ல."

மூன்றாம் நாள் காலை, கைப்பிடித் திருகைக் கழற்றினார். பிடித்திருந்த துருவுக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு முந்தின நாள் முழுக்கக் காத்திருந்தார், வலிந்து திருகவில்லை. கைப்பிடியின் வலப்பக்க மரக்கட்டையின் உட்புறத்தில் தொழிலாளி பென்சிலால் எண் எழுதியிருப்பான். கட்டையோ எண்ணெய் குடித்துக் கரி போல் கிடந்தது. துடைத்தால் எழுத்தும் போய்விடும். ஜன்னல் திரையை இழுத்து மூடி, சின்ன டார்ச்சைக் கட்டைக்குப் பக்கவாட்டில் படுக்க வைத்து, தலைமுடி அளவு தலைமுடி அளவாகத் திருப்பினார். இருபது நிமிஷம். பென்சில் கரி ஓரிடத்தில் மினுங்கியது. கடைசி நான்கு இலக்கமும் அடியிலிருந்ததோடு ஒத்துப்போயின. கட்டை இந்த ரிவால்வருடையதுதான். பிறகு முதல் இலக்கத்துக்கு வந்தார். மூன்று தடவை பார்த்தார்.

முகத்தில் ஒன்றும் காட்டாமல் கதவைத் திறந்து, "உள்ள வாம்மா" என்றார்.

தையல்காரி மேஜையருகே வந்து நின்றாள். அக்கா கழுத்திலிருந்த கறுப்புக் கயிற்றைக் கழற்றி, அவள் கழுத்தில் மாட்டினார். டார்ச்சை அசையாமல் பிடித்துக்கொண்டார்.

"ஊசில நூல் கோக்கிற கண்ணுதானே. நீயே படி."

அவள் குனிந்தாள். லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தாள்.

"ஒண்ணு" என்றாள்.

அதன் பிறகுதான் அக்கா பேனாவின் மூடியைத் திறந்தார்.