அவுட் டைரக்டரியும் நாற்பது பம்புகளும்

ஒரு ஃபைலை உருவாக்க ஒரு வாரம், தொலைக்க ஒரு விநாடி என்பது புரோகிராம் எழுதிப் பிழைக்கிற உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், கோவையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தபோது, நான் தொலைத்த கதை இது.

சட்டை காயப்போட்ட இடம்

நாங்கள் எழுதியதைக் கம்ப்யூட்டரில் ஓடுகிற புரோகிராமாக மாற்றுவதற்குப் பெயர் பில்ட். மாறி வருவதெல்லாம் ‘அவுட்’ என்ற டைரக்டரியில் போய் விழும். ஒவ்வொரு பில்டும் முதலில் அந்த டைரக்டரியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் வேலையையே ஆரம்பிக்கும். பழையதும் புதியதும் கலந்துவிடக் கூடாதல்லவா. சேர்ந்த புதிதில் இது தெரியாமல் என் குறிப்புகளை அங்கே வைத்திருந்தேன். அடுத்த பில்டில் காணோம். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் பக்கத்து நாற்காலி ஜெயந்தி. அவரிடமே முறையிட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

“குப்பைத்தொட்டி மேல சட்டையைக் காயப்போட்டுப்போட்டு, லாரிக்காரன் அள்ளீட்டுப் போயிட்டான்னா எப்படீங்க?”

தொந்தரவு தராத மனிதர்

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனி. ஒவ்வொரு பம்பும் தண்ணீரை எவ்வளவு உயரம் ஏற்றுகிறது, எவ்வளவு கொட்டுகிறது என்று சோதித்து சர்டிபிகேட் அச்சடிக்க நாங்கள் புரோகிராம் கொடுத்திருந்தோம். திருத்தம் வந்தால் அங்கேயே பில்ட் போட வசதியாக, எல்லாவற்றையும் அவர்கள் கம்ப்யூட்டரிலேயே ஏற்றி, அவுட்டிலிருந்தே ஓடும்படி விட்டுவிட்டேன். சோதிப்பவர் பழனிசாமி அண்ணன். ஒரு மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவன் எட்டிப் பார்த்தேன். அச்சில் தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளி விழுகிறதாம். அது சரியானதும் மொத்தமாக அச்சடிக்கலாம் என்று நாற்பது பம்புகளின் சர்டிபிகேட்டை நிறுத்தி வைத்திருந்தார். மறுநாள் காலை சரக்கைச் சரிபார்க்க இன்ஸ்பெக்டர் வருகிறார். சர்டிபிகேட் இல்லாமல் ஒரு பம்பும் லாரி ஏறாது. “ஒரு போன் பண்ணக் கூடாதாண்ணா?” என்று பதறினேன்.

“ஒரு புள்ளிக்காக உங்களை பஸ் ஏற வெக்கோணுங்களா? எப்படியும் ஒருநாள் வருவீங்கள்ல!”

துடைத்த கை

இரண்டே நிமிடத்தில் புள்ளியைத் திருத்தி பில்ட் போட்டேன். புரோகிராம் பிரமாதமாக ஓடியது. நாற்பது பம்புகளைத்தான் காணோம். அண்ணன் சேமித்த அளவுகள் எல்லாம் புரோகிராம் ஓடுகிற இடத்திலேயே, அதாவது அவுட்டிலேயே, போய் உட்கார்ந்திருக்கின்றன. ஜெயந்தி அவ்வளவு சொல்லியும், இந்த முறை ஊரான் சட்டையைக் காயப்போட்டிருக்கிறேன்! மீட்டுத் தரும் கருவியைப் போட்டுப் பார்த்தேன். அந்த இடத்தில் புது ஃபைல்கள் ஏறி உட்கார்ந்துவிட்டன. விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் திட்டவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் பெயின்ட் செக்‌ஷனைப் பார்த்து ஓடினார்.

“ஏனுங்க, பெயின்டை நிறுத்துங்க! அந்த ஸ்ப்ரேயைக் கீழ வையுங்க!”

சாக்பீஸ் எழுத்து

சோதித்த கையோடு அளவுகளைப் பம்பின் உடம்பிலேயே சாக்பீஸால் எழுதிவிடுவது அண்ணனின் பழக்கமாம். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அதை விடவில்லை. மூன்று பம்புகள் ஏற்கெனவே பச்சையாகியிருந்தன, முப்பத்தேழு பிழைத்தன. அவர் பம்பு பம்பாகக் குனிந்து அளவை வாசிக்க, நான் மடியில் வைத்த நோட்டில் எழுதிக்கொண்டுபோய்க் கம்ப்யூட்டரில் தட்டினேன். இந்த முறை வேறு டைரக்டரியில். ஈரம் காயாத அந்த மூன்றையும் திரும்ப ஓட்டிச் சோதித்தோம். ஐந்து மணிக்கு நாற்பது சர்டிபிகேட்டும் பிரின்டரிலிருந்து இறங்கின, புள்ளி சரியான இடத்தில். எனக்கு டீயை நீட்டிவிட்டு அண்ணன் சிரித்தார்.

“சாக்பீஸ்தான் அழியும், கம்ப்யூட்டர்ல போட்டா அழியாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?”

பதினெட்டு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன், இப்போதைய கருவிகள் ‘இந்த டைரக்டரியைத் துடைக்கட்டுமா’ என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் துடைக்கின்றன, ஆனாலும் ‘சரி’யைத் தட்டுவதற்கு முன் என் கை சட்டைப்பையில் சாக்பீஸைத்தான் தேடுகிறது.