கயிற்றின் மறுமுனை

மில்லர்புரத்து நண்பர்களே, லீவுக்கு ஒரு வாரம் அக்கா வீட்டில் செலவில்லாமல் சாப்பிடத்தான் முயல் தீவுக்கு வந்தேன்.

இன்று காலை அக்கா, "அத்தான் சங்கு குளிக்கப் போறாவ. முங்குறவ இடுப்புக் கயித்த மேல இருந்து மச்சினன்தான் பிடிக்கணும், போ" என்று அனுப்பிவிட்டாள். அக்கா தாலியைத் தம்பி கைவிட மாட்டானாம்.

அத்தான் கடைசியாக மூழ்கி எழுந்து, இடுப்புக் கயிற்றைத் தண்ணீரிலேயே அவிழ்த்துவிட்டு, வள்ளத்தில் ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

தண்ணீருக்குள் கிடந்த கயிறு, மேலே தூக்கச் சொல்வது போல, என் கையில் இரண்டு முறை சுண்டியது.

"ஏலே, இழுத்துராத" என்றார் அத்தான். "போன வருசம் இங்கன முங்கின ஒருத்தன் மேல வரல. கூலிக்காரன்தான் கயிறு பிடிச்சான். முங்கினவனுக்கு மச்சினன் கெடையாது. ஒன்னயத்தான் மச்சினன்னு நெனச்சிக்கிட்டான் போல."

நாளையும் நான்தான் கயிறு பிடிக்க வேண்டும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று யாராவது ஒரு தந்தி அடியுங்களேன்.