வயரம்மாவும் அடம்பிடித்த ஸ்பாய்லரும்

ஒரே தகரக் கூரையின் கீழ் இரண்டு பட்டறைகள். வலது பக்கம் கணவருடையது. கார்களுக்கு பெயின்ட் அடிக்கிற இடம். இடது பக்கம் மனைவியுடையது. கார்களின் லைட்டு, ஹாரன், வயரிங் பார்க்கிற இடம். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு, அதில் ஜன்னல் அளவுக்கு ஓர் ஓட்டை. ஸ்பானரும் டீ கிளாஸும் சண்டையும் சமாதானமும் அந்த ஓட்டை வழியாகத்தான் போய்வரும்.

மனைவியை அந்தத் தெருவில் எல்லோரும் வயரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை. கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக் கட்டாகத் தயார் செய்ய வேண்டும். சுவர் நீளத்துக்கு ஒரு பலகை, பலகை முழுக்க ஆணிகள். பச்சையில் வெள்ளைக் கோடு இந்த ஆணி வழியாக, பழுப்பில் சிவப்புக் கோடு அந்த ஆணி வழியாக என்று இழுத்துக் கட்டிக்கொண்டே போக வேண்டும். மற்ற பெண்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே கட்டி முடித்துவிடுவார்கள். இவளுக்கு மட்டும், இந்த வயர் கடைசியில் எங்கே போய் என்ன செய்கிறது என்ற கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. சூப்பர்வைசரிடம் கேட்டாள்.

"அது தெரிஞ்சு நீ என்னம்மா பண்ணப்போற? கட்டு" என்றார் அவர்.

அந்த ரோஷத்தில்தான் மாலை வகுப்பில் சேர்ந்து வண்டிகளின் மின்சார வேலையைப் படித்தாள். வாழ்க்கைப்பட்டதோ ஒரு பெயின்டருக்கு. பெயின்ட் அடிப்பதற்காகக் கழற்றிய லைட்டுகளைத் திரும்ப மாட்டினால் ஒன்று எரியும், இன்னொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். அதைச் சரிசெய்து கொடுக்க எப்போதாவது வந்து போனவள், அப்படியே பாதிப் பட்டறையைப் பிடித்துக்கொண்டாள். பெயின்டருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. தடுப்புக்கு அவரே நீல வர்ணம் அடித்துக் கொடுத்தார். யார் கண்ணிலும் படாத அடி விளிம்புக்குக்கூட இரண்டு கோட்டிங் கொடுத்தார். வேலையில் அவர் அப்படி.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் வயரம்மாவின் மாமனார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், அவர் தொண்டைக்கு இல்லை. "வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடிங்க, போதும்!" என்று அவர் சத்தம் போடாமல் எந்தக் காரும் பட்டறைக்குள் வந்து நின்றதில்லை.

அப்படித்தான் ஒரு காலையில் அந்த மஞ்சள் கார் உள்ளே வந்தது. தரையோடு தரையாகப் பதுங்கிய, இரண்டே கதவு வைத்த ஸ்போர்ட்ஸ் கார். ஓட்டி வந்தவர் ஒரு பல் டாக்டர். பிள்ளைகள் படிப்பை முடித்து ஆளுக்கொரு திசையாகப் போன பிறகு, தனக்கென்று ஆசை ஆசையாக வாங்கிய பழைய கார் அது. சமீபத்தில் யாரோ பின்னால் வந்து இடித்துவிட, டிக்கிப் பக்கம் முழுவதையும் தட்டி நிமிர்த்தி பெயின்ட் அடித்துக் கொடுத்தவர் வயரம்மாவின் கணவர்தான்.

"பெயின்ட் அருமை. கண்ணு பட்டுடும் போல இருக்கு" என்றபடி இறங்கினார் டாக்டர். "ஆனா இந்த ஸ்பாய்லர் என் மானத்தை வாங்குது."

டிக்கிக்கு மேல் படிந்து கிடக்கிற நீளமான பட்டைதான் ஸ்பாய்லர். கார் எண்பதைத் தாண்டினால் அது தானாக எழுந்து நிற்கும். கூரை மேல் வழுக்கி வருகிற காற்றைத் திருப்பிவிட்டு, காரின் பின்பக்கம் மிதக்காமல் பார்த்துக்கொள்ளும். வேகம் குறைந்ததும் சமர்த்தாகப் படுத்துவிடும். வேண்டுமானால் ஒரு பட்டனை அமுக்கியும் ஏற்றி இறக்கலாம்.

"இப்போ என்ன செய்யுது?" என்று கேட்டாள் வயரம்மா.

"சொன்ன பேச்சு கேக்கல. பாதி ஏறி நின்னுடுது, டேஷ்போர்டுல சிவப்பு லைட் எரியுது. நேத்து சிக்னல்ல நிக்கிறப்போ துள்ளித் துள்ளி ஆடுது. பின்னால நின்ன பஸ் டிரைவர், நான் ஏதோ சலாம் போடுறேன்னு நெனச்சு அவரும் கையைத் தூக்குறார்!"

வாசலில் மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தடுப்பு ஓட்டையில் பெயின்டரின் தலை முளைத்தது.

"டாக்டர், என் பெயின்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இது முழுக்க முழுக்க வயர் சமாசாரம்."

"உங்களை யாருங்க கேட்டாங்க?" என்றாள் வயரம்மா. தலை உள்ளே போய்விட்டது.

அவள் வேலையைத் தொடங்கினாள். ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தாள், நன்றாக இருந்தது. மோட்டாரைக் கழற்றி நேராக பேட்டரியில் வைத்தாள், உர்ரென்று சுற்றியது. ஸ்பாய்லரைத் தூக்கும் இரண்டு கைகளையும் துடைத்து கிரீஸ் வைத்தாள். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி பட்டனை அமுக்கினால், ஸ்பாய்லர் ராணி மாதிரி எழுந்தது, ராணி மாதிரி படுத்தது. திரும்பத் திரும்ப அமுக்கினாள். ஒரு சிணுங்கல்கூட இல்லை.

"என்கிட்ட வர்றவங்களும் இப்படித்தான்" என்றார் டாக்டர். "நாற்காலியில உக்காந்ததும், வலி போயிடுச்சு டாக்டர், வீட்டுக்குப் போறேன்பாங்க."

"வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா?"

"விடுவேனா?"

"நானும் விடமாட்டேன். ரோட்டுல வச்சுத்தான் இதைப் பிடிக்கணும்."

ஆனால் ரோட்டில் யார் பார்ப்பது? ஓட்டுகிற டாக்டருக்கு முதுகில் கண் கிடையாது. வயரம்மா டேஷ்போர்டு லைட்டைக் கவனிக்க வேண்டும். ஸ்கூட்டரில் பின்னாலேயே வருகிறேன் என்றார் பெயின்டர். அந்த ஸ்கூட்டர் அறுபதைத் தொட்டாலே அழ ஆரம்பிக்கும் என்பது தெருவுக்கே தெரியும்.

"பின்னாடி நின்னு பாக்குறதுதானே எனக்குப் பொழப்பே!" என்று நாற்காலியை விட்டு எழுந்தார் மாமனார்.

அந்தக் காரில் பின் சீட் என்பது பெயருக்குத்தான். மாமனார் குடையை மடக்குவது போலத் தன்னை மடக்கி உள்ளே நுழைந்தார். குறுக்குவாட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு, பின் கண்ணாடியில் மூக்கை ஒட்டாத குறையாக வைத்துக்கொண்டார். "போலாம், ரைட்!" என்றார்.

சுற்றுச் சாலைக்கு வந்ததும் டாக்டர் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். வண்டி சீறியது. பின்னால் இருந்து நேர்முக வர்ணனை தொடங்கியது.

"அசையுது... ஏறுது... ஏறுது... முழுசா ஏறிடுச்சும்மா! கும்முனு நிக்குது!"

"இங்க லைட் எரியல மாமா."

"அய்யோ, குனிஞ்சுடுச்சு!"

"இப்போ எரியுது" என்றாள் வயரம்மா.

மறுபடி ஏறியது, மறுபடி குனிந்தது. சிறிது தூரம் போனதும், ஓரக்கண்ணால் முன்பக்கமும் பார்த்துக்கொண்டிருந்த மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு முடிவைச் சொன்னார்.

"எனக்குப் புரிஞ்சுடுச்சு. இதுக்கு லாரின்னா பயம். முன்னால லாரி வர்றப்போ எல்லாம் தலையைக் குனியுது. நீ வேணும்னா பாரு."

டாக்டருக்குச் சிரிப்பில் ஸ்டியரிங் நழுவப் பார்த்தது. வயரம்மாவும் சிரிக்க வாய் திறந்தவள், அப்படியே நிறுத்திக்கொண்டாள். மாமா சொன்னது பொய் இல்லை. ஒவ்வொரு தடவையும் எதிரே ஒரு லாரி இருந்தது உண்மைதான். லாரியைக் கண்டால் ஸ்பாய்லருக்கு என்ன? லாரியைக் கண்டால் டாக்டர் என்ன செய்கிறார்?

"டாக்டர், இப்போ ரோடு காலியாத்தானே இருக்கு? வேகத்தைக் குறைக்காம பிரேக்கை லேசாத் தொடுங்க. சும்மா தொட்டாப் போதும்."

டாக்டர் தொட்டார்.

"குனிஞ்சுடுச்சு!" என்று கத்தினார் மாமனார். "லாரியே இல்லையேம்மா!"

"இப்போ இண்டிகேட்டரைப் போடுங்க."

டிக் டிக் என்று இண்டிகேட்டர் அடிக்க, அதே தாளத்தில் ஸ்பாய்லர் துள்ளியது. மாமனார் அதற்கேற்பத் தலையாட்டினார். வயரம்மாவுக்கு அடிவயிற்றில் இருந்து ஒரு சந்தோஷம் கிளம்பியது. வயர் எங்கே போய் என்ன செய்கிறது என்று அன்று பலகை முன்னால் நின்று தவித்தவளுக்கு, இந்த மாதிரி நிமிஷம் வந்தால் பசிகூடத் தெரியாது.

"மாட்டிக்கிச்சு!" என்றாள். "கரண்ட் வந்தா மட்டும் போதாது டாக்டர், திரும்பிப் போகவும் வழி வேணும். அதைத்தான் எர்த்னு சொல்றோம். பின்பக்க லைட்டுக்கும் இந்த மோட்டாருக்கும் ஒரே எர்த். அந்த வழியில எங்கியோ அடைப்பு. லைட் எரியாதவரைக்கும் மோட்டார் எப்படியோ சமாளிக்குது. பிரேக் மிதிச்சு லைட்டும் கூட சேர்ந்தா ரெண்டுக்கும் வழி பத்தல. அதான் பட்டறையில ஒழுங்கா வேலை செஞ்சுது. அங்க நான் பிரேக்கை மிதிக்கவே இல்லையே!"

"லாரியைக் கண்டுபிடிச்சது நான்தானே?" என்றார் மாமனார்.

"நீங்க இல்லாட்டி நான் இன்னும் மோட்டாரைத்தான் நோண்டிட்டு இருப்பேன் மாமா" என்றாள் அவள். மனதாரத்தான் சொன்னாள்.

பட்டறைக்குத் திரும்பியதும் டிக்கிக்குள் கிடந்த கம்பளத்தை மடக்கினாள். இடது மூலையில், காரின் உடம்போடு எர்த் வயரை இறுக்கியிருந்த போல்ட் தெரிந்தது. அதைத் தளர்த்தி வயரின் முனையை நகர்த்திப் பார்த்தாள். கீழே வெறும் இரும்பு இருக்க வேண்டிய இடத்தில், எலுமிச்சைப் பழம் போலப் பளபளவென்று மஞ்சள் பெயின்ட். ஒரு துளி பிசிறு கிடையாது. அவள் முகம் தெரிகிற அளவுக்கு மினுக்கம்.

பெயின்டின் மேல் கரண்ட் ஓடாது. இத்தனை நாளும் போல்ட்டின் மரையை ஒட்டி ஏதோ கொஞ்சம் கசிந்துதான் எல்லாம் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

வயரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு ஓட்டைப் பக்கம் திரும்பி, தேன் ஒழுகும் குரலில் கூப்பிட்டாள்.

"என்னங்க, ஒரு நிமிஷம் இங்க வர்றீங்களா?"

அந்தக் குரலைக் கேட்டாலே பெயின்டருக்கு உள்ளங்கை வியர்க்கும். கையைத் துடைத்தபடி வந்து டிக்கிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது யாரு அடிச்சதுங்க?"

முதலில் அவருக்குப் பெருமைதான் வந்தது. "நான்தான். கம்பளத்துக்கு அடியில யாரு பாக்கப்போறாங்கன்னு மத்தவங்க விட்டுடுவாங்க. நான் விடல. எப்படி ஃபினிஷிங் பாரு!"

"பாத்தேங்க. எர்த் புள்ளியையும் விடாம அடிச்சிருக்கீங்க."

பெயின்டர் போல்ட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். முழுக்க முழுக்க வயர் சமாசாரம் என்று காலையில் முழங்கியது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். காது நுனி சிவந்துவிட்டது.

"தப்பு என்னோடதுதான் டாக்டர். கோவிச்சுக்காதீங்க" என்றார்.

"கோவம் எதுக்கு? எங்க வேலையிலயும் இதே கதைதான். பல்லு மேல உறை போடுறதுக்கு முன்னாடி பல்லைக் கொஞ்சம் சீவணும். பளபளன்னு இருக்கேன்னு பாவம் பார்த்து அப்படியே ஒட்டினா நிக்காது."

வயரம்மா உப்புத்தாளைக் கிழித்துக் கணவரின் கையில் கொடுத்தாள்.

"என் கையாலயேவா?" என்றார் அவர் பரிதாபமாக.

"வேற யாரு தேச்சாலும் உங்களுக்கு மனசு ஆறாதுங்க. அதான்."

பெற்ற பிள்ளைக்கு முதல் மொட்டை அடிப்பவர் போல அவர் மெதுவாகத் தேய்த்தார். மஞ்சள் தூள் உதிர்ந்து, வயர் முனை உட்காரும் அளவுக்கு வெள்ளி நிறத்தில் இரும்பு எட்டிப் பார்த்தது. வயரம்மா முனையைச் சுத்தம் செய்து வைத்து இறுக்கி, துருப்பிடிக்காமல் இருக்க மேலே கிரீஸ் தடவினாள். பிறகு டாக்டரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு பட்டனை அமுக்கினாள். ஸ்பாய்லர் ராஜ கம்பீரமாக எழுந்து நின்றது. இண்டிகேட்டர் போட்டும் பார்த்தார்கள். அசையவில்லை.

மறுபடி சுற்றுச் சாலை. இந்தத் தடவை பின் சீட்டில் தான்தான் ஏறுவேன் என்றார் பெயின்டர். "டிக்கெட் எடுத்தவங்க மட்டும்தான் ஏறலாம்" என்று கதவை மறித்துவிட்டு மாமனாரே ஏறிக்கொண்டார். முன்னால் லாரி வந்தது, டாக்டர் பிரேக்கைத் தொட்டார். வேகம் எண்பதுக்குக் கீழே வரும்வரை ஸ்பாய்லர் அசையவே இல்லை. "பயம் தெளிஞ்சுடுச்சு!" என்று பின்னாலிருந்து அறிக்கை வந்தது.

அதிலிருந்து கணவனும் மனைவியும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். எந்தக் காருக்கு பெயின்ட் அடிப்பதாக இருந்தாலும், முதலில் அவள் உள்ளே புகுந்து எர்த் புள்ளிகள்மேல் டேப் ஒட்டிவிட்டு வருவாள். அதற்குப் பிறகுதான் அவர் ஸ்பிரே துப்பாக்கியைத் தொடுவார். டேப் ஒட்டுவதில் அவள் கை கோணல் என்று குறை சொல்ல அவருக்கும் ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

சில வாரம் கழித்து டாக்டர் போன் செய்தார். நோயாளிகளைச் சாய்க்கும் நாற்காலி சாயவில்லையாம். வயரம்மா கருவிப் பையோடு போனாள். தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று பெயின்டரும் கூடவே போனார். பெடலுக்குப் போகும் வயர் ஓர் இடத்தில் நசுங்கியிருந்தது, மாற்றினாள். சரியாகச் சாய்கிறதா என்று பார்க்க யாராவது உட்கார வேண்டும். பெயின்டர் ஜம்மென்று உட்கார்ந்தார். வயரம்மா பெடலை மிதிக்க, நாற்காலி அழகாகப் பின்னால் சாய்ந்தது. தலைக்கு மேல் விளக்கு எரிந்தது.

டாக்டர் பழக்க தோஷத்தில் குனிந்து, "வாயைத் திறங்க" என்றார்.

அவரும் திறந்துவிட்டார்.

"அடடா, கடைவாயில ரெண்டு சொத்தை இருக்கே!"

பெயின்டர் எழுந்திருக்கப் பார்த்தார். வயரம்மா பெடலிலிருந்து காலை எடுக்காமல், "நீங்க ஆரம்பிங்க டாக்டர்" என்றாள்.