இரண்டாங்குரலுக்கு ஒரு மைக்

எழுத உட்கார்ந்ததற்கே முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஓ.எல். பரீட்சை வரைதான் படித்தேன். பாட்டைப் பற்றிச் சொல்லவும் எனக்குப் பெரிய தகுதி இல்லை. ஸ்வரம் வாசிக்கத் தெரியாது, காதால் கேட்டுப் பிடித்துப் பாடத்தான் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் உள்ள எங்கள் கிறிஸ்தவ சபையின் பாடகர் குழுவில் பல வருடங்கள் இரண்டாங்குரல் பாடினேன். பெண்களில் தாழ்ந்த குரல் உள்ளவர்கள் பாடுவது அது. மெட்டு மற்றவர்களிடம் இருக்கும், நாங்கள் அதற்குக் கீழே ஓடுவோம். வெட்கப்படுகிற ஆளுக்கு அது வசதியான இடம். நான் பாடுவது எனக்கும் பக்கத்தில் நிற்பவளுக்கும்தான் கேட்கும்.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. ஓர்கனை மூடி அதன்மேல் பூச்சாடி வைத்தார்கள். டிரம்ஸ் வந்தது. சத்தம் கூடிப்போனதென்று அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் தடுப்பும் வந்தது. பல்லவி, சரணம் என்று போகிற பாட்டுகள் குறைந்து, நாலு வரியைத் திரும்பத் திரும்பப் பாடி மெல்ல உயர்த்துகிற பாட்டுகள் கூடின. போதகர் ஜெபிக்கும்போதும் கீபோர்டில் ஒரு சத்தம் விடாமல் ஓடும், பக்கத்து அறையில் ஃபிரிட்ஜ் இரைவது போல.

எனக்கு இதிலெல்லாம் கோபம் இல்லை. வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது புதுப்பாட்டுகள்தான் வாயில் வருகின்றன. சுருதிதான் கரைச்சல். முன்னால் நின்று பாடுகிறவருடைய குரலுக்கு ஏற்றபடி அதை வைத்தார்கள். அவர் ஆண், உச்சத்தில் பாடுவார். எங்கள் பெண்கள் பலருக்கு மேலேயும் எட்டாது, கீழேயும் குரல் வராது. நிறையப் பேர் பாடாமல் நின்று பார்க்கப் பழகிவிட்டார்கள். பாடகர் குழு டிசம்பரில் நத்தாருக்கு மட்டும் என்று ஆனது. நானும் வாங்கு வரிசையில் அவர்களோடு நின்றேன். வாரம் முழுவதும் கடையில் துணி அளந்து வெட்டுகிற எனக்கு ஞாயிற்றுப் பாட்டு ஒன்றுதான் சந்தோஷமாக இருந்தது. அது போனது கவலைதான், ஆனால் நான் யாரிடமும் சொல்லவில்லை.

போன வருடம் ஒருநாள் முன்னால் நின்று பாடி ஆராதனையை நடத்துகிற அந்தத் தம்பி ரீ குடிக்கிற இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“அன்ரி, இந்தக் கீயில எங்கட பிள்ளையள் ஒருத்தருக்கும் கீழ இறங்க ஏலாது. உங்களுக்கு ஏலும். டீமில வந்து பாடுங்கோவன்.”

“ஐயோ தம்பி, மைக்கிலயோ? நான் செத்துப்போவன்.”

“இதுவரைக்கும் ஒருத்தரும் சாகேல்ல அன்ரி. ஒரு ஞாயிறு பாடிப் பாருங்கோ. பிடிக்காட்டி திங்கக்கிழமை சொல்லுங்கோ, வேற ஆளைப் பாக்கிறன்.”

எனக்குப் பாட ஆசை. தனிக்குரலாகக் கேட்கத்தான் பயம். இந்த ஒரு ஞாயிறு சரிவராவிட்டால் இனிப் பாட்டே இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் ஓம் என்றேன்.

அந்த ஞாயிறு என் காதுக்குள் சின்ன ஸ்பீக்கரைச் செருகினார்கள். அதில் தாளம் டிக் டிக் என்று ஓடும், நம் குரல் நமக்குக் கேட்கும், வெளிச்சத்தம் எதுவும் வராது. தொடங்குமுன் சவுண்ட் பார்க்கிறவரிடம் போனேன். அவர் சிங்களவர், தம்பி என்பதற்குச் சிங்களத்தில் சொல்கிற ‘மல்லி’ என்றுதான் கூப்பிடுவேன். “மல்லி, மகே எக்க டிக்கக் அடு கரன்ன,” என்று என் மைக்கைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஹரி அக்கே, பய வென்ன எப்பா,” என்றார். பயப்பட வேண்டாமாம்.

முதல் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். இரண்டாவதில் ஓரிடத்தில் தாளத்தை முந்திவிட்டேன். அதற்குப் பிறகு கண்ணைத் திறந்தேன். காதுக்குள் என் குரல் தெளிவாகக் கேட்டது. ஹோல் முழுவதும் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டே கடைசி வரை பாடினேன்.

இறங்கி வந்ததும் பழைய பாடகர் குழுச் சிநேகிதி பிடித்துக்கொண்டாள்.

“என்னடி, மீன் மாதிரி வாயை மட்டும் அசைச்சுக்கொண்டு நிண்டனீ?”

“நான் பாடினனான்!”

“எங்க பாடினனீ? ஒண்டும் கேக்கேல்ல.”

மல்லி என்மேல் இரக்கப்பட்டு முழுவதுமாகவே குறைத்துவிட்டார். ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பஸ்ஸில் வரும்போது முகம் கொடுக்க முடியாமல் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தேன். இனி வேண்டாம் என்று தம்பிக்குச் சொல்ல முடிவெடுத்தேன்.

பின்னேரம், கனடாவில் விடிந்த பிறகு, அங்கே இருக்கிற அக்கா கோல் எடுத்தா. அங்கிருந்து எங்கள் ஆராதனையை ஃபோனில் பார்ப்பா.

“எடியே, இண்டைக்கு உன்ர குரல்தான் முன்னுக்கு நிக்குது. அந்தப் பெடியன்ர பாட்டு எங்கயோ கிணத்துக்குள்ள கேக்குது.”

“சும்மா பகிடி விடாதையுங்கோ.”

“சத்தியமா. ரெண்டாவது பாட்டில முந்தினது கூடக் கேட்டது. சின்னனில அப்பா கேட்டாலும் கதவுக்குப் பின்னால போய் நிண்டுதானே பாடுவாய்? இப்பப் பார், ஊர் உலகத்துக்கெல்லாம் பாடுறாய்.”

அப்போதுதான் விளங்கியது. ஹோலுக்குப் போகிற சத்தத்தை மல்லி பார்க்கிறார். நேரலைக்குப் போகிற சத்தத்தை மேல்மாடியில் வேறொருவர் தனியாகப் பார்க்கிறார். அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

அக்கா ஃபோனை வைத்ததும் பதிவைப் போட்டுக் கேட்டேன். இத்தனை வருடம் பாடியும் என் குரலைத் தனியாக நான் கேட்டதில்லை. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. மூன்றாவது பாட்டில் தம்பியின் குரலுக்குக் கீழே சரியாக நின்றது. முந்திய இடத்தில் காது சூடாகியது. திரும்பவும் போட்டுக் கேட்டேன். பிழை பிழையாகத்தான் இருந்தது, ஆனால் அடுத்த வரியிலேயே சரியான இடத்துக்கு வந்திருந்தேன்.

அடுத்த நாள் திங்கள். கடை திறக்குமுன் தம்பிக்குக் கோல் எடுத்து, தொடர்ந்து வருகிறேன் என்றேன். ஹோலிலும் என் குரல் கேட்கும்படி மைக்கை விட மல்லியிடம் சொல்லச் சொன்னேன். “சரி அன்ரி. வெள்ளிக்கிழமை பிராக்டிஸ்,” என்றார். அன்று மழை, கடையில் ஆட்கள் குறைவு.