கிணத்தடி ஒழுங்கையில் இரண்டு முறை எண்ணப்பட்ட பிள்ளை

கமலாட்சி போன மாசியில் காலமானாள். செத்த வீட்டுக்குக் கிணத்தடி ஒழுங்கை முழுவதும் வந்திருந்தது. நல்ல மனுசி, ஆருக்கும் ஒரு கெடுதல் நினைக்காதவள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதில் பாதிதான் உண்மை. கமலாட்சி நல்லவள், ஆனால் பொறாமைக்காரி. அந்தப் பொறாமையை விட்டுவிட்டு அவளைப் பற்றிப் பேசினால் அது வேறு யாரோ ஒருத்தியின் கதையாகத்தான் இருக்கும்.

பொறாமை ஊரார் எல்லோர் மேலும் அல்ல. ஒரே ஒருத்தி மேல். ஏழு வயது இளையவளான தங்கை தயாளினி மேல்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வவுனியாவுக்கு ஓடிவந்த குடும்பம் அது. கமலாட்சிக்கு அப்போது ஐந்து வயது. குடியிருந்த லயத்தோடு சேர்ந்து அவளுடைய பிறப்புப் பத்திரமும் எரிந்துபோயிற்று. தயாளினி இரண்டு வருடம் கழித்து வவுனியா ஆஸ்பத்திரியில் பிறந்தாள். பிறந்த கையோடு பத்திரம் கிடைத்தது. பத்திரம் இருந்ததால் பள்ளிக்கூடம், பிறகு பாஸ்போட், பிறகு குவைத். கமலாட்சிக்கு அடையாள அட்டை கிடைத்தபோது முப்பது தாண்டிவிட்டது. அதற்குள் சந்தையில் மூட்டை தூக்கிய சிவராசாவைக் கட்டி, அவனை ஒரு லொறிக்குப் பறிகொடுத்து, பிள்ளை குட்டி இல்லாமல் இடியப்பம் அவித்து விற்கத் தொடங்கியிருந்தாள். தங்கையின் தலைமயிர் நீளம், அவள் கட்டிய யாழ்ப்பாணத்துக் கோப்பாய் மாப்பிள்ளை, அவள் பழகிக்கொண்ட யாழ்ப்பாணப் பேச்சு, எல்லாமே கமலாட்சியின் கண்ணில் உறுத்திக்கொண்டு கிடந்தன.

இருந்தும் தயாளினி குவைத்துக்குப் போனபோது பதினொரு மாதக் குழந்தையைக் கமலாட்சியின் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனாள். புருசன் குகதாசன் லொறி ஓட்டுகிறவன், கிழமைக்கு ஒருநாள்தான் வீடு. எட்டு வருடம் அந்தப் பிள்ளை, சாரங்கா, கமலாட்சியின் தகரக் கொட்டிலில் வளர்ந்தாள். பேச்சு வந்ததும், நடை வந்ததும், அம்மாள் வருத்தம் வந்து வேப்பிலையில் கிடந்ததும் அங்கேதான். முதலாம் ஆண்டில் சேர்க்கும்போது பள்ளிக்கூடப் படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் கமலாட்சி பெருவிரலை அழுத்தினாள். அந்த மையைக் கழுவ அன்று அவளுக்கு மனம் வரவில்லை.

பிறகு தயாளினி திரும்பி வந்தாள். அதே ஒழுங்கையின் மேட்டுப் பக்கம் காணி வாங்கி, தரைக்கு ஓடு பதித்து, கேற் போட்டு வீடு கட்டினாள். பிள்ளையைக் கூட்டிப்போனாள். பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாதுகாவலர் பெயரையும் மாற்றினாள். அது முறைதான். பெற்ற தாய். அதைக் கமலாட்சி ஒருநாளும் பிழை என்று சொன்னதில்லை. ஆனால் பின்னேரங்களில் மேட்டு வீட்டிலிருந்து "மகள்" என்று தயாளினி கூப்பிடும் சத்தம் ஒழுங்கையைக் கடந்து வரும்போது, இடியப்ப உரலைப் பிடித்த கை தானாக இறுகும். தலைக்குப் போட்ட குவைத் சம்புவின் வாசத்தோடு பிள்ளை வந்து பக்கத்தில் குந்தினால், "என்ன மணம் இது, தலையிடிக்குது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிள்ளை போனபிறகு அந்த மணம் நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் இருப்பாள்.

சாரங்கா பெரியபிள்ளையானபோது மண்டபம் பிடித்துச் சடங்கு செய்தார்கள். ஆலாத்தி எடுக்கச் சோடி சோடியாகச் சுமங்கலிகளைக் கூப்பிட்டார்கள். கைம்பெண் கமலாட்சி பின்வரிசைக் கதிரையில் இருந்து பார்த்தாள். ஓஎல் பரீட்சையில் எட்டு ஏ வந்தபோது ஒழுங்கை முகப்பில் பனர் கட்டினார்கள். பிள்ளையின் படத்துக்குக் கீழே குகதாசன் தயாளினி தம்பதிகளின் புதல்வி என்று இருந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் கமலாட்சிக்குத் தெரியும். அதை மூன்று தரம் வாசித்தாள்.

ஒரு தாளிலாவது அந்தப் பிள்ளை தன் பெயருக்குக் கீழே இருக்கவேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அந்த நினைப்பில் இருந்தபோதுதான் இரண்டாயிரத்து இருபத்துநான்காம் ஆண்டுச் சனத்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. கிணத்தடி ஒழுங்கைக்கு அனோஜா என்ற இளம் உத்தியோகத்தரை அனுப்பினார்கள். கையில் விவரம் பதியும் டெப் கணினி, தோளில் குடை, பாதி ஒழுங்கைக்கு வீட்டு இலக்கமே இல்லை என்ற பதற்றம். இடியப்பக்கார அம்மாவைப் பிடியுங்கோ, அவவுக்குத் தெரியாத வீடு இல்லை என்று கிராம சேவகர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆகவே முதல் வீடாகக் கமலாட்சியின் வீட்டுக்கே வந்தாள்.

எத்தனை பேர் என்று அனோஜா கேட்டாள்.

"ரெண்டு பேர், மிஸ்" என்றாள் கமலாட்சி.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. திருத்த நேரம் இருந்தது. திருத்தவில்லை. தங்கச்சியின் பிள்ளை, என்னோடதான் இருக்கா, இப்ப ரியூசனுக்குப் போயிட்டா என்று தொடர்ந்தாள். பெயர், பிறந்த திகதி, படிக்கும் வகுப்பு எல்லாம் தடங்கல் இல்லாமல் வந்தன. இனம் என்ன, இலங்கைத் தமிழரா மலையகத் தமிழரா என்று கேட்டபோது, "மலையகத் தமிழர்னு போடுங்க. ரெண்டு பேருக்கும்" என்றாள். டெப்பில் பிள்ளையின் பெயர் தன் பெயருக்குக் கீழே ஏறியதை எட்டிப் பார்த்தாள். திரும்பவும் காட்டச் சொல்லிக் கேட்கலாமா என்று யோசித்து, வெட்கப்பட்டு விட்டுவிட்டாள்.

அடுத்த இரண்டு நாளும் அனோஜாவோடு ஒழுங்கை முழுக்க நடந்தாள். அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. பெரிய ஆளுக்குப் பத்து, பிள்ளைக்கு ஆறு. எந்த வீட்டில் எத்தனை சீவன் என்று இடியப்பத்தை வைத்தே சொல்லுவாள். புடவைக்கடை ஹாஜியார் வீட்டுக்கு எண்பது. நோன்பு மாதத்தில் அதுவே நூற்றிருபது, மருமக்கள் வந்துவிடுவார்கள். றெயில்வேயில் இருந்து இளைப்பாறியவரின் மனைவி சோமாவதிக்கு இருபது, சம்பல் உறைப்பாக வேண்டும். அவவுடன் கமலாட்சி சிங்களத்தில்தான் சண்டை பிடிப்பாள். கொழும்புக் கொம்பனியில் வேலைசெய்யும் பெடியங்கள் நாலுபேர் தங்கியிருக்கும் பின் அறையைப் பற்றி வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. கமலாட்சிதான், "பின்னால நாப்பது போகுது, மிஸ், கேளுங்க" என்றாள். உடையார்கட்டிலிருந்து வந்து தங்கிய குடும்பம், மன்னார்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம், நுவரெலியாவிலிருந்து எண்பத்துமூன்றில் வந்த மூன்று வீடு என்று டெப்பில் ஏறிக்கொண்டே போனது. இவ்வளவு விதமான சனமா இந்தச் சின்ன ஒழுங்கைக்குள் என்று அனோஜா அதிசயப்பட்டாள்.

பூநகரியிலிருந்து வந்து வீடு கட்டிய யோகநாதன் மாஸ்ரர் ஐந்து பேர் என்று பதிந்தார். கமலாட்சி தொண்டையைச் செருமினாள். மாஸ்ரர் வீட்டுக்கு இருபதுதான் போகிறது. மற்ற மூன்று பேரும் பிள்ளைகள், கனடாவில் இருக்கிறார்கள். போய்ப் பன்னிரண்டு வருடம். அனோஜா விளங்கப்படுத்தி மூன்று பேரையும் அழித்தபோது மாஸ்ரரின் மனைவி குசினிக்குள் போய்விட்டா. அந்தப் பின்னேரம் மாஸ்ரர் வீட்டில் இடியப்பம் எடுக்கவில்லை. கமலாட்சிக்கு ஒருமாதிரித்தான் இருந்தது. ஆனாலும் இல்லாத ஆளை எப்படி இருக்கிறதாக எழுதுவது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மேட்டு வீடு வந்தது. உள்ளே வராமல் கேற்றடியிலேயே நிற்கலாம் என்று கமலாட்சி பார்த்தாள். மழை விடவில்லை. விறாந்தையில் ஏறவேண்டியதாயிற்று.

குகதாசன் லொறி ஓட்டத்தில் போயிருந்தான். தயாளினி கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, மூன்று பேர் என்றாள். கணவர், தான், மகள். இனம் மூவருக்கும் இலங்கைத் தமிழர். மகளின் பெயரைச் சொன்னதும் அனோஜாவின் விரல் நின்றது. பிறந்த திகதியைக் கேட்டாள். அதே திகதி. நிமிர்ந்து கமலாட்சியைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்கள் இந்தப் பிள்ளையை உங்கடை வீட்டில தந்தனீங்கள் எல்லே?"

கமலாட்சி தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தயாளினிக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. விளங்கியதும், இருபது வருடம் கவனமாகப் பழகிய யாழ்ப்பாணப் பேச்சு அவள் வாயிலிருந்து கழன்று விழுந்தது. செத்துப்போன தாயின் குரலே திரும்பி வந்தமாதிரி இருந்தது.

"என்னாக்கா பண்ணி வச்சிருக்க? எம்புள்ளைய உன் வீட்டுல எழுதுனியா?"

"காலையில எங்க சாப்பிடுறா? என் வீட்டுலதானே."

"காலையில சாப்பிட்டா? அப்ப சோமாவதி அக்கா வீட்டுலயுந்தான் கேக் திங்குறா. அங்கயும் எழுதிடு." தயாளினி மூச்சு வாங்கினாள். "மாஸ்ரர் வீட்டுப் புள்ளைங்கள வெட்டிவிட்டியாமே. பெத்தவங்க ஆசைக்கு எழுதினா அது பொய். நீ எழுதினா மட்டும் உண்மையா?"

எட்டு வருடம் வளர்த்தது நான் என்று கமலாட்சி தொடங்கினாள். மாதம் தவறாமல் காசு அனுப்பினேனே என்று தயாளினி வெட்டினாள். நான் கேட்டேனா உன்னிடம் காசு என்று கமலாட்சி. இரண்டு பேருக்கும் நடுவில் டெப்பை மடியில் வைத்துக்கொண்டு அனோஜா மழையைப் பார்த்தாள். வழமையாக எங்கே இருக்கிறாரோ அங்கேதான் ஒரு ஆளைப் பதியலாம், ஒரு தரம்தான் பதியலாம் என்று மெதுவாகச் சொன்னாள். அந்த நேரம் பார்த்துக் கேற் திறந்தது. நனைந்த சைக்கிளை உருட்டிக்கொண்டு சாரங்கா வந்தாள்.

பதினேழு வயதுப் பிள்ளை. தாயின் முகத்தையும் பெரியம்மாவின் முகத்தையும் பார்த்ததுமே விசயம் தன்னைப் பற்றியது என்று தெரிந்துகொண்டாள். அனோஜா நடந்ததைச் சொல்லி, அவளிடமே கேட்டாள்.

"தங்கச்சி, நீங்கள் ஆர் வீட்டில இருக்கிறனீங்கள்?"

சாரங்கா புத்தகப் பையைக் கழற்றிக் கதிரையில் வைத்தாள்.

"அம்மாவோடை" என்றாள்.

ஒரு சொல். அதில் கோபமும் இல்லை, யாரையும் நோகடிக்கும் எண்ணமும் இல்லை. உள்ளதைச் சொன்னாள். பெருவிரல் மையைக் கழுவாமல் வைத்திருந்த அந்த நாள் கமலாட்சிக்கு நினைவு வந்தது. தங்கையின் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள். தயாளினி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு சண்டையாவது போட்டிருக்கலாம்.

அனோஜா கமலாட்சியின் வீட்டை டெப்பில் திறந்து, இரண்டை ஒன்றாக்கினாள். பிறகு இந்த வீட்டுப் பதிவுக்கு வந்து, பதிந்ததை ஒருமுறை வாசித்துக் காட்டினாள். பெயர் சரி. வயது சரி. சமயம் சரி. இனம், இலங்கைத் தமிழர்.

"பெரியம்மா எனக்கு என்ன இனம் எண்டு குடுத்தவா, மிஸ்?" என்று சாரங்கா கேட்டாள்.

அனோஜா சொன்னாள்.

"அப்ப அதையே போடுங்கோ."

"பைத்தியமா?" என்றாள் தயாளினி. "அப்பா கோப்பாய். அப்பான்ர பக்கந்தான் புள்ளைக்கு. கம்பசுக்குப் போற புள்ள, நாளைக்குச் சம்பந்தம் பேச வர்றவங்க என்ன கேப்பினம்?" கலங்கிய பேச்சு பாதி மலையும் பாதி யாழ்ப்பாணமுமாகக் கிடந்தது.

"இதை ஆரும் வந்து பாக்கமாட்டினமம்மா." சாரங்கா நனைந்த தலையை உலுப்பினாள். "நான் பெரியம்மாட்டைத்தானே கதைக்கப் பழகினனான். முதலாம் ஆண்டில 'வாங்கோ' எண்டாமல் 'வாங்க' எண்டு சொன்னதுக்கு வகுப்பே சிரிச்சது. அண்டைக்கு என்னை என்னவெண்டு நினைச்சவையளோ, அதைப் போடட்டும்."

அவள் கேட்டதில் பிழையில்லை, அவரவர் சொல்வதைத்தான் எழுதவேண்டும் என்று அனோஜா சொல்லி, மாற்றினாள். ஒரே கூரைக்குக் கீழ் தாய் ஒரு இனம், மகள் இன்னொரு இனம் என்று டெப்பில் நின்றது.

தயாளினி அப்போதுதான் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கமலாட்சி யாரிடமும் கண்டதில்லை. கண்டதில்லையே தவிர, அது என்ன என்று சொல்லித்தரத் தேவையும் இருக்கவில்லை. கண்ணுக்குக் கீழே தோல் இறுகி, வாய் ஒருபக்கம் இழுபட்டு, கை பக்கத்திலிருந்த கதிரையைப் பிடித்திருந்தது. வீடும் கேற்றும் பிள்ளையும் வைத்திருந்தவள், தகரக் கொட்டில்காரியைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தாள்.

முப்பது வருடமாக வேண்டியிருந்தது இதுதான் என்று கமலாட்சிக்குத் தோன்றியது. உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி வந்தது உண்மை. அதை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் குனிந்த கண்ணில் பட்டது பிள்ளையின் செருப்பு. அது தயாளினியின் வாசற்படியில், தயாளினியின் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. இரவைக்கும் அது அங்கேதான் கிடக்கும்.

"தலைய துவட்டு, புள்ள. தடிமன் புடிக்கும்" என்றாள் கமலாட்சி.

துவாயை எடுத்து வந்தது தயாளினி. மகளின் தலையை இழுத்துப் பிடித்து, தேவைக்கு மேல் அழுத்தித் துவட்டினாள். கமலாட்சி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வந்த குளிர்ச்சி போய்விட்டது. பழைய எரிச்சல் தன் இடத்துக்கு வந்து குந்திவிட்டது.

"வாங்க, மிஸ்" என்று குடையை எடுத்தாள். "இன்னும் ரெண்டு வீடு இருக்கு."