மெஷினுக்குப் பொட்டு வைத்தது யார்

எதை வாங்கினாலும் நவமணி முதலில் அதைக் கவிழ்த்துத்தான் பார்ப்பார். நாற்காலியென்றால் அடிக்கால், பப்பாளியென்றால் தரையில் கிடந்த பக்கம். மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் கழற்றிவிட்டிருந்த சப்பாத்துகளைக்கூடப் புரட்டிப் பார்த்தவர் அவர். இளைய மகள் ஷாமினிக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதே வழக்கம்தான். கடைக்காரர்கள் முறைப்பார்கள், ஷாமினி வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

மலேசியாவில் கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் நவமணி. தோட்டம் கைமாறியபோது எல்லாருக்கும் வீடு உண்டு என்று வாய் நிறையச் சொன்னார்கள். வீடு வரவேயில்லை. பிறகு ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்து, கணவரோடு கார் கழுவத் தொடங்கினார். கணவர் இறந்த பிறகும் கொட்டகையை மூடவில்லை.

ஆனால் சவர்க்கார நீர் அவர் கைகளைத் தின்றுவிட்டது. விரலிடுக்குகள் வெடித்து இரத்தம் கசிந்தது. இனி அந்தத் தண்ணீரில் கை வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலைக்கு வருகிற ஆட்களும் ஒரு மாதம்கூட நிற்பதில்லை. தானாகக் கழுவும் மெஷின் வாங்க வேண்டும், அல்லது தொழிலை விட வேண்டும். புது மெஷினுக்கு வழியில்லை. கணவரின் சேமநிதியில் மிஞ்சியிருந்த பணத்துக்குப் பழையதுதான் கிடைக்கும். அதுவும் ஒரே முறைதான். ஏமாந்தால் எல்லாம் போச்சு.

மெங்லெம்புவில் பழைய இயந்திரங்களை வாங்கி விற்கும் பவித்ரனிடம் ஒன்று இருந்தது. தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடி, சுழலும் பிரஷ்களால் காரைத் தேய்க்கும் மெஷின்.

"பயப்படாதீங்கக்கா. நம்ம ஆளுங்களுக்குக் கெட்ட சாமான் குடுப்பேனா?"

"நம்ம ஆளுன்னு சொல்லித்தான் தம்பி எல்லாரும் வித்தாங்க."

"ஐயோ, இது தஞ்சோங் மாலிம்ல கார் கழுவுற கடை வச்சிருந்த ஒரு சீனத் தவுக்கேயோடது லா. மகன் ஆஸ்திரேலியாவுக்குக் கூப்பிட்டுக்கிட்டான், கடைய மூடிட்டாரு."

நவமணி தரையில் அட்டையை விரித்து, கைப்பேசி விளக்கோடு மெஷினுக்கு அடியில் நுழைந்தார்.

"உங்கம்மா வாங்க வந்தாங்களா, போஸ்ட்மார்ட்டம் பண்ண வந்தாங்களா?" என்றார் பவித்ரன். ஷாமினி சிரித்துவிட்டாள்.

வெளியே வந்த நவமணியின் முகத்தில் சிரிப்பில்லை. "வா, போலாம்."

காரில் ஏறியதும் சொன்னார்: "அடியில சந்தனம் காஞ்சு கிடக்கு, குங்குமமும் இருக்கு. சீனத் தவுக்கே எதுக்குடி மெஷினுக்குப் பொட்டு வைக்கப் போறாரு? யாரோ நம்மாளு நொடிச்சுப்போயி பறிகொடுத்தது. இல்லே, திருட்டுச் சாமான். எதுவும் இல்லேன்னா ஏன் பொய் சொல்றான்?"

வீட்டிலேயே முதல் பட்டதாரி ஷாமினி. அந்த மெஷினின் மாடல், உதிரிப்பாகம், பழுது என்று இணையத்தில் தேடி எல்லாம் படித்து வைத்திருந்தாள். பொட்டைப் பற்றி மட்டும் அதில் எதுவும் இல்லை. அவளும் அம்மா சொன்னதை நம்பத் தொடங்கினாள். அது யோசித்து வந்த முடிவா, அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்டதா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

கார் கழுவி முடியும்வரை வாடிக்கையாளர்கள் கொட்டகையில் உட்கார்ந்து கதை பேசுவார்கள். அந்த வாரம் வந்தவர்களிடமெல்லாம் நவமணி பொட்டுக் கதையைச் சொன்னார். மறுவாரம் வந்த ஒருவர், "மெங்லெம்பு பவித்ரன்கிட்டயா போனீங்க? அவன் திருட்டுச் சாமான் விக்கிறவன்னு ஊரே சொல்லுதே!" என்றார்.

"பாத்தியா? நான் மட்டும் சொல்லல," என்று மகளைப் பார்த்தார் நவமணி.

அம்மா கொளுத்திய திரிதான் ஊரைச் சுற்றிவிட்டு வந்திருக்கிறது என்று ஷாமினிக்குச் சுருக்கென்றது. பல்கலைக்கழகத்தில் சான்றிதழ் வாங்கத் தஞ்சோங் மாலிமுக்குப் போனபோது அம்மாவையும் கூட்டிப் போனாள். விசாரித்து அந்தக் கடையைக் கண்டுபிடித்தார்கள். இப்போது அது டயர் கடை. அங்கே அப்பாவு என்று ஒருவர் டயர் கழற்றிக்கொண்டிருந்தார். முன்பு கார் கழுவியவரும் அவர்தான்.

"பொட்டா? நான்தான் வச்சேன். வருசா வருசம் ஆயுத பூசைக்கு வைப்பேன். தவுக்கே ஒண்ணும் சொல்லமாட்டாரு, எனக்கு முன்னாடி சுண்டலுக்கு நிப்பாரு."

"அடியில எதுக்குண்ணே வச்சீங்க?" என்று கேட்டார் நவமணி.

"மேல வச்சா அதுவே கழுவிக்குது! கார் கழுவுற மெஷினாச்சே."

ஷாமினிக்குச் சிரிப்பு முட்டியது. அம்மாவைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"மோட்டார் எப்படிண்ணே?" நவமணி விடவில்லை.

"தங்கமான மோட்டாரு. இடப்பக்கப் பிரஷ மட்டும் மாத்திக்குங்க."

அன்று மாலையே ஷாமினி பவித்ரனைக் கைப்பேசியில் அழைத்தாள். "எடுத்துக்கச் சொல்லும்மா, விலையக்கூடக் குறைச்சுக்கிறேன். முன்பணம் குடுத்தவங்களே திருப்பிக் கேக்குறாங்க. இந்தப் பக்கம் யாருமே எட்டிப் பாக்குறதில்ல," என்றார் அவர்.

நவமணியின் புருவம் உயர்ந்தது. "ஏன் குறைக்கிறான்?"

"உங்களாலதாம்மா."

குறைத்த விலை வேண்டாம், முதலில் சொன்னதையே தருகிறேன் என்று மட்டும் அவனிடம் சொல்லச் சொன்னார் நவமணி.

பவித்ரனே வந்து மெஷினைப் பொருத்திக் கொடுத்தார். நவமணி டீ கொடுத்தார், வடை கொடுத்தார், பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். சொல்ல வேண்டியது மட்டும் வாய்க்கு வரவில்லை. பவித்ரன் லாரியில் ஏறும்போது, "தம்பி..." என்றார்.

"என்னக்கா?"

"பாத்துப் போங்க."

மெஷின் நன்றாக ஓடுகிறது. நவமணியின் கைகளும் ஆறிவிட்டன. ஆனால் இப்போது யாரும் காரைவிட்டு இறங்குவதில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே இருக்கிறார்கள். கழுவி முடிந்ததும் போய்விடுகிறார்கள்.

"பொட்டுக் கதை கேட்டவங்ககிட்டல்லாம் உண்மையச் சொல்லணும்மா," என்கிறாள் ஷாமினி.

"யாராச்சும் வந்து உக்காந்தா சொல்லமாட்டேனாடி?"

போன சனிக்கிழமை, பொட்டுக் கதை கேட்டுப்போனவர்களில் ஒருவர் வந்தார். மெஷினுக்குள் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். "நல்ல மெஷினா இருக்கே, யாருகிட்டக்கா வாங்கினீங்க?"

நவமணி அவரையே பார்த்தார். பிறகு பொத்தானை அழுத்தினார். பிரஷ்கள் சுழலத் தொடங்கின.

"கண்ணாடிய ஏத்துங்க தம்பி, தண்ணி உள்ள வந்துரும்."